மெட்டலும் மேளமும்

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவிலிருந்து 2011 இல் விலகிய கிற்றார் கலைஞர் கே.கே. டவுனிங், பழைய சகாவான பாடகர் டிம் ஓவன்ஸுடன் புதுக்குழு கூட்டி 2021 இல் ஹெவி மெட்டல் இசைத்தட்டு வெளியிட்டார். வயது எழுபதை நெருங்கியிருந்தது.

அளவெட்டிக்கு வருவோம். தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊர். நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனின் ஊர். முன்னவர் 1975 இல் மறைந்தார். அம்ஷன் குமாரின் ஆவணப்படம் வர நாற்பது ஆண்டுகள் சென்றன. பின்னவரும் 2003 இல் போய்விட்டார். அவர்கள் காலத்துச் சமாக்களைக் கண்ட மூத்த கலைஞர்களை ஒன்றுகூட்டி, நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கூட்டுமேளத்தைப் பதிவு செய்ய நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்?

வெளிநாட்டுக் காசில் கோபுரம் எழுகிறது. சென்னைச் சினிமாப் பாடகருக்கு விமானச் சீட்டுப் போகிறது. தீபாராதனைக்கோ மின்விசையில் அடிக்கும் முரசு! மேளகாரருக்குக் கொடுக்கப் பணமில்லை என்னும் தர்மகர்த்தாக்கள், அந்த இயந்திரத்தின் விலையையும் வரவுசெலவில் வாசித்துக் காட்டட்டும்.