குளத்தைத் துப்புரவாக்கும் தானியங்கி: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்புரவுத் தானியங்கி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். தரையோடு நின்றுவிடுகிறதா, சுவரேறி நீர்மட்டம் வரை தேய்க்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு முழுதும் மழையும் இலைக்குப்பையும் உள்ள நம் மலேசியாவில், வடிகட்டிக் கூடை பெரியதாகவும் மேற்புறமாக எடுத்துக் கழுவ எளிதாகவும் இருத்தல் நலம்.

ஆயினும், தானியங்கி அள்ளுவது அழுக்கைத்தான். கிருமியைக் கொல்வது குளோரின். இலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமல் அது நீரில் இருக்க வேண்டும். தானியங்கி இயங்கும்போது பிள்ளைகள் குளத்தில் இறங்கக் கூடாது.

தெளிந்த நீர் நம் மாணவச் செல்வங்களை ஈர்க்கும். ஆகவே, முதற்பணம் வேலிக்கும் தானே மூடிக்கொள்ளும் கதவுக்கும், மிச்சமே தானியங்கிக்கு. இதுவே என் கருத்து. சிந்திப்போம்!