எத்தனை கிலோ தாங்கும்? பதில் சொல்லுங்கள்

"பெரியப்பாவுக்கு ரெண்டு சேரைச் சேர்த்துப் போடுப்பா!" கம்பத்திலும் போடியிலும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இந்தக் குரல் கேட்கும். ஒரு பிளாஸ்டிக் சேர் எவ்வளவு தாங்கும் என்று செய்தவர் சொல்வதில்லை. பந்தல்காரர்தான் ஆளைப் பார்த்து எடை போடுகிறார். கடையில் கேட்டால், "யானையே உட்காரலாம்ணே" என்று சிரிக்கிறார்கள். இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தாங்கும் எடை என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. இருக்கையைப் பாரம் வைத்து அழுத்துவார்கள், ஆயிரக்கணக்கான முறை அழுத்தி விடுவார்கள், சாய்மானத்தைத் தள்ளுவார்கள், காலைப் பக்கவாட்டில் நெருக்குவார்கள். இத்தனைக்கும் ஈடுகொடுத்த பிறகே எண் கிடைக்கும். யாரை மனதில் வைத்துச் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். ஐரோப்பாவில் வீட்டு நாற்காலிக்கு 110 கிலோ ஆள்தான் கணக்கு. அமெரிக்க அலுவலக நாற்காலித் தரம் 2017-இல் ஏறத்தாழ 125 கிலோவுக்கு உயர்ந்தது.

அந்த எண்ணும் புதுச் சேருக்கு, சமதளத்தில், நிதானமாக உட்காருபவருக்குத்தான். தொப்பென்று விழுந்தால் அதே உடம்பு இரு மடங்கு பாரமாகிவிடும். பின்னங்கால்களில் சாய்ந்தால் மொத்த எடையும் இரண்டு காலில். சீரியல் பல்பு கட்ட ஏறி நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் அளவுக்கு மீறிய சுண்ணாம்புத்தூளும் கலந்த சேர் சீக்கிரம் நொறுங்கும். வீரபாண்டித் திருவிழாவின் சித்திரை வெயிலில் கிடந்து வெளிறிய சேருக்குப் பழைய பலம் ஏது?

நாற்காலி, மேசை, கட்டில்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆணை காகிதத்தோடு நின்றால் போதுமா? சரியான எச்சரிக்கை தராத உற்பத்தியாளர், அதனால் நேரும் காயத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அடிபட்டவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

உற்பத்தியாளர்கள் தாங்கும் எடையை இருக்கையின் அடியில் அழியாத எழுத்தில் அச்சிட வேண்டும். கடைக்காரர்கள் அதை பில்லில் எழுதித் தர வேண்டும். அதிகாரிகள் கடைகளிலும் கிடங்குகளிலும் நேரில் சோதிக்க வேண்டும். வாடகைக்கு விடுவோர், விரிசல் விட்ட சேர்களை அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பே கழித்துக்கட்ட வேண்டும்; கட்டுக்கம்பியால் தைத்த சேருக்கு இனி ஒரு ரூபாய்கூட வாடகை வாங்கக் கூடாது.