ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமாம்

மாதம் 20-ஆம் தேதி நெருங்கிவிட்டால் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்களில் ஒரே புலம்பல்தான்: "சர்வர் ஸ்லோ." ஜிஎஸ்டி 3பி மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள். கோழிப்பண்ணை, லாரி ஆபீஸ், தறிப்பட்டறை என்று அத்தனை பேருடைய டேலி கணக்கும், ஸ்கேன் செய்த பில்களும் மூலையில் இருக்கும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. ஆபீஸில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திறக்கிறார்கள். கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போகிறது. பெட்டியைப் பார்க்கும் முன்பே அவரிடம் மருந்து தயார்: "ரேம் போடலாம் சார். இல்லேன்னா ஃபார்மட் அடிச்சிரலாம்."

இந்த இரண்டு மருந்தின் மேலும் ஊருக்கு இருக்கும் நம்பிக்கை அசாத்தியமானது. முக்கால்வாசி நேரம் அது வீண் நம்பிக்கை.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு, அதன் மேல் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கை, அவ்வளவுதான். ஆபீஸ்களில் சாதாரணமாக இருக்கும் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். கேட்ட இடம் தலைக்கு அடியில் வர சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கு இன்னொரு எட்டு, ஒன்பது மில்லிசெகண்ட். ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு 80 கோரிக்கைக்கு மேல் அதனால் தாங்க முடியாது. ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்தால் நொடிக்கு 320 கேபி. ஒரு சினிமாவைக் காப்பி செய்தால் நொடிக்கு 150 எம்பி கொடுக்கிற அதே டிஸ்க்தான்! கணக்கு வேலையில் யாரும் சினிமா காப்பி செய்வதில்லை. ஆளுக்கொரு மூலையிலிருந்து துண்டு துண்டாகக் கேட்கிறார்கள். கை அலைந்துகொண்டே இருக்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது.

இது கண்ணுக்குத் தெரியாத ரகசியமும் அல்ல. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பக்கத்துக்குப் போனால், எந்த ஃபைலை எந்த புரோகிராம் கேட்கிறது, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று வரிவரியாக ஓடும். 10, 15 இருந்தால் டிஸ்க் தன் வேலையைச் செய்கிறது. நூறு, இருநூறிலேயே நின்றால் வரிசை கட்டிவிட்டது என்று பொருள். பக்கத்திலேயே பிராசசர் 8 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்கும், ரேமில் பாதி காலியாக இருக்கும். காலியாக இருக்கிற ரேமுக்குப் பக்கத்தில் இன்னொரு ரேமைச் செருகி என்ன ஆகப்போகிறது? ரேம் நிஜமாகவே பற்றாமல் இருந்தால் கதை வேறு. ஒருமுறை படித்த ஃபைலை விண்டோஸ் ரேமிலேயே வைத்துக்கொள்ளும், டிஸ்க்குக்குப் பாரம் குறையும். அதையும் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

பார்த்தால் பல நேரம் ஆள் அகப்பட்டுவிடுவார்: பட்டப்பகலில் முழு டிஸ்க்கையும் துழாவும் ஆன்டிவைரஸ், மதியம் ஓடும்படி யாரோ வைத்துவிட்டுப்போன பேக்கப், ஏன், அதே டிஸ்க்கில் பதிவாகும் சிசிடிவி.

"ஆனா ஃபார்மட் அடிச்சதும் வேகமாச்சே?" என்பார்கள். ஆகத்தான் செய்யும். டேட்டாவை வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப ஏற்றும்போது சிதறிக் கிடந்த ஃபைல்கள் அடுத்தடுத்து உட்காருகின்றன. அதுவும் தட்டின் வேகமான வெளி ஓரத்தில். பேக்கப்பும் சிசிடிவியும் திரும்ப ஏறச் சில நாள் ஆகும். அதுவரை நல்ல பெயர் ஃபார்மட்டுக்கு. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. "வண்டி இழுக்கலை" என்று நாமக்கல் பட்டறையில் லாரியை விட்டால் மெக்கானிக் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எடுத்த எடுப்பில் "இன்ஜினை இறக்கிரலாம்" என்றால் ஓனர் வண்டியை அடுத்த பட்டறைக்கு ஓட்டிவிடுவார். அதே ஓனர்தான் தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் என்றதும் தலையாட்டுகிறார்.

சாகப்போகும் டிஸ்க் விஷயத்தில் இந்தப் பழக்கம் ஆபத்தாகவே முடியும். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்தச் சில நொடிகள் ஆபீஸே உறைந்து நிற்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதற்கான தடயம் ஈவென்ட் வியூவரில் 7, 153 என்ற எண்களில் பதிவாகியிருக்கும். விண்டோஸைத் துடைத்தால் அதுவும் போச்சு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றது. "சேலம் வெயில்தான் சார் காரணம்" என்பவர்களுக்கு அதே கட்டுரையில் இன்னொரு சேதி உண்டு: சூட்டுக்கும் சாவுக்கும் எல்லோரும் நினைத்த அளவு தொடர்பு தென்படவில்லை. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையின் முக்கிய நான்கு குறிகளில் எதையுமே காட்டவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "ஸ்மார்ட் குட்னு காட்டுது" என்பது நற்சான்றிதழ் அல்ல.

அதிர்வையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கின் முன் நின்று கத்தினார்; கத்திய நொடியில் தாமதம் எகிறுவது திரையில் தெரிந்தது. மனிதக் குரலுக்கே அந்தக் கதி. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓடும் சுவருக்கு அந்தப் பக்கம் சர்வரை வைத்திருப்பவர்கள், தறி நின்ற நேரத்தில் ஒருமுறை வேகத்தைப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. ரேமுக்குப் பில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஓனர், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதற்குக் கூலி கேட்டால் "சும்மா பார்த்ததுக்கா?" என்கிறார். பிறகு கம்ப்யூட்டர்காரர் எதை விற்பார்? போதாக்குறைக்கு, வேலை கெடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள். ஆளில்லாத ஆபீஸில் அந்த டிஸ்க் 10 மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். வேலை நாளில், காலை 11 மணிக்கு, எல்லோரும் திறந்து வைத்திருக்கும்போது கூப்பிட்டு அந்த ரிசோர்ஸ் மானிட்டர் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.