நாலடி தூரமா, நாற்பது எக்ஸ் ஜூமா?

நம்ம போட்டோகிராபி கிளப்புக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா வாங்கலாம்னு முடிவானதும் வாட்ஸ்அப் குரூப் ரெண்டா பிரிஞ்சு போச்சு. ஒரு கட்சி கேட்பது 2011-ல் கடைக்கு வந்த ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100. இன்னொரு கட்சி கேட்பது 2018-ல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ். முதலாவதில் ஜூம் என்பதே கிடையாது. இரண்டாவதில் 40 மடங்கு ஜூம், அதுவும் பாக்கெட்டுக்குள் போகிற உடம்பில். "ஜூமே இல்லாத பழைய டப்பாவுக்கு எதுக்குப்பா காசு?" என்ற மெசேஜுக்குத்தான் குரூப்பில் அதிக ஹார்ட்டின் விழுந்தது.

நான் பழைய டப்பா கட்சி. ரெட்ரோ லுக், ரீல்ஸ் மோகம் எதுவும் அதற்குக் காரணம் இல்லை. நாம எந்த ஊரில், யாரைப் படம் எடுக்கப் போகிறோம் என்பதுதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன்னால், இரண்டு கேமராவையும் நியாயமாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ரெண்டு பேரும் யாரு?

எக்ஸ்100-ஐ "ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டைல்" என்கிறார்கள். அந்த "ஸ்டைல்" என்ற வார்த்தை முக்கியம். உண்மையான ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். இரண்டிலும் தெரியும் பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருத்தினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். பள்ளியில் படித்த முக்கோணக் கணக்குதான் அதன் அடிப்படை. பழைய லைக்கா கேமராக்கள் இந்த வகை. டிஜிட்டலில் முதலில் வந்தது 2004-ல் எப்சன் ஆர்-டி1, பிறகு 2006-ல் லைக்கா எம்8. எக்ஸ்100-ல் அந்த இயந்திரம் கிடையாது. ஆட்டோஃபோகஸ்தான். ஆனால் மூலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கு. அதன் வழியாகப் பார்த்தால் படத்தில் விழப்போகும் பகுதி ஒரு கட்டமாகத் தெரியும், கட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும். லென்ஸ் 23 மி.மீ., எஃப்/2, கழற்றவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. பழைய ஃபிலிம் கணக்கில் சொன்னால் 35 மி.மீ. பார்வை.

எஸ்எக்ஸ்740-ன் பார்வை அதே கணக்கில் 24 மி.மீ.-ல் தொடங்கி 960 மி.மீ. வரை போகும். 20 மெகாபிக்சல், 4கே வீடியோ, கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன், செல்ஃபிக்குத் திரும்பும் திரை எல்லாம் உண்டு. எக்ஸ்100-ல் இருப்பது 12 மெகாபிக்சல், வீடியோ 720பி மட்டும், ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஸ்பெக் ஷீட்டை மட்டும் வைத்துத் தேர்தல் நடத்தினால் எக்ஸ்100-க்கு டெபாசிட்கூடக் கிடைக்காது.

இஞ்சினியரிங் படிக்கிறோம்ல, கணக்குப் போடுவோம்

எக்ஸ்100-ன் சென்சார் 23.6 × 15.8 மி.மீ. எஸ்எக்ஸ்740-ன் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ., அதாவது சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். பரப்பளவில் 13 மடங்கு வித்தியாசம். லென்ஸ் திறப்பு முதலாவதில் எஃப்/2. இரண்டாவதில் ஜூம் செய்யாத நிலையிலேயே எஃப்/3.3. அதன் வர்க்க விகிதம் சுமார் 2.7. இரண்டையும் பெருக்கினால், அதே வெளிச்சத்தில் அதே ஷட்டர் வேகத்தில் பெரிய சென்சாருக்குக் கிடைக்கும் மொத்த ஒளி சுமார் 36 மடங்கு அதிகம்.

பனியன் கம்பெனிக்குள் போனவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. அங்கே வெளிச்சம் ட்யூப்லைட்தான். ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளும் கை ஒரு நொடிகூட நிற்காது. ஸ்டெபிலைசேஷன் நம்ம கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், அந்தக் கையின் ஓட்டத்தைப் பிடிக்காது. அதைப் பிடிக்க ஷட்டர் வேகமாக வேணும், அதற்கு ஒளி வேணும். சின்ன சென்சார் அந்த இடத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் படத்தைக் கஞ்சி மாதிரி ஆக்கிவிடும்.

அடுத்தது முழு ஜூம். 960 மி.மீ.-ல் லென்ஸ் திறப்பு எஃப்/6.9. ஒரு ஒளிப்புள்ளி லென்ஸ் வழியாக வரும்போது புள்ளியாகவே விழாது, சின்ன வட்டமாகப் பரவும். அதன் விட்டம் 2.44 × அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளிக்குப் போட்டுப் பார்த்தால் 9 மைக்ரானுக்கு மேல் வரும். இந்த சென்சாரில் ஒரு பிக்சல் 1.2 மைக்ரான். ஆக ஒரு புள்ளி ஏழு எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். 20 மெகாபிக்சல் என்பது பெட்டிமேல் உண்மை, முழு ஜூமில் அவ்வளவு உண்மை இல்லை. எக்ஸ்100-ல் எஃப்/2-க்கு அந்த வட்டம் 2.7 மைக்ரான், பிக்சல் 5.5 மைக்ரான். வட்டம் பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஜூம் ஜெயிக்கிற இடம்

நஞ்சராயன் குளத்துக்குப் போனால் என் கட்சி தோற்றுவிடும். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கிற நம்ம ஊர்க் குளம், 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் ஒரு வரித்தலை வாத்து 100 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்100-ல் அந்த தூரத்தில் படத்தின் அகலம் சுமார் 100 மீட்டர். முக்கால் மீட்டர் நீள வாத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் பிக்சலில் முப்பதே சொச்சம்தான் கிடைக்கும். வாத்தா, மிதக்கிற பாட்டிலா என்றே தெரியாது. எஸ்எக்ஸ்740-ல் படத்தின் அகலம் 3.75 மீட்டர். கொஞ்சம் கஞ்சியாக இருந்தாலும் தலையில் இருக்கிற கறுப்புப் பட்டை தெரியும், இனம் சொல்லிவிடலாம். பறவை கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு அது போதும். அங்கே கிட்டப் போவதும் தப்பு. பறவை பயந்து பறந்துவிடும். தூரத்தில் நிற்பதுதான் அங்கே மரியாதை.

மனிதர்கள் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்.

நாலடிக் கணக்கு

எக்ஸ்100 மாதிரி லென்ஸில் ஒரு வசதியான வாய்ப்பாடு உண்டு. எத்தனை அடி தூரத்தில் நிற்கிறோமோ கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம் படத்தில் விழும். நாலடியில் நின்றால் நாலடி. ஒரு டெய்லர் அக்கா, அவங்க மெஷின், பக்கத்தில் அடுக்கிய துணிக்கட்டு எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் இருக்கும். அதை எடுக்க நாம அந்த அக்காவுக்கு முன்னால் போய் நின்றே ஆகணும். நின்றால் அவங்க நிமிர்ந்து பார்ப்பாங்க. "எதுக்கு கண்ணு போட்டோ? எங்க போடுவ?" என்று கேட்பாங்க. நாம பதில் சொல்லணும். பிடிக்கலைன்னா "வேண்டாங் கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், சூப்பர்வைசரைக் கூப்பிடலாம், திட்டலாம்.

எதிரே இருப்பவர் வேண்டாம் என்று சொல்லக் கூடிய தூரம் அது. 40 எக்ஸ் அந்த உரிமையை எடுத்துவிடுகிறது. முழு ஜூமில் 30 மீட்டர் தள்ளி நின்றால் படத்தின் அகலம் ஒரு மீட்டர் சொச்சம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து மொட்டை மாடியில் இருந்துகொண்டு, ஷிப்ட் முடிந்து வருகிற ஒரு பெண்ணின் முகத்தை அவங்களுக்குத் தெரியாமலே நிரப்பிக்கொள்ளலாம். கம்பெனி ஹாஸ்டல் ஜன்னலும் அந்த தூரத்தில்தான் இருக்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம கல்ச்சுரல்ஸையே எடுத்துக்கோங்க. "கேண்டிட்" என்ற பெயரில் பெண்களைத் தூரத்தில் இருந்து ஜூம் பண்ணி, மறுநாள் இன்ஸ்டாவில் போடுகிற பேஜ்கள் எல்லா காலேஜிலும் உண்டு. அந்தப் படத்தில் இருப்பவர்களில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்கள்?

நம்ம ஊருக்கு இது கூடுதல் கவலை. திருப்பூரில் வேலை செய்கிறவர்களில் பெரிய கூட்டம் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வெளியூரில் இருந்து வந்தவர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லி, வேறு சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். போலீஸ் அது பொய் என்று அறிவித்தது. பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கு ஜூம் லென்ஸ் காரணம் இல்லை, அப்படிச் சொன்னால் அபாண்டம். ஆனால் ஒரு பாடம் இருக்கு. படத்தில் இருப்பவர் யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எடுத்தவருக்கே தெரியாவிட்டால், அந்தப் படம் யார் சொல்கிற கதைக்கும் பொருந்திவிடும். நாலடியில் நின்று பேசி எடுத்த படத்துக்கு ஒரு பெயரும் ஊரும் இருக்கும்.

"அப்போ கிட்ட நின்னு எடுக்கிறவன் எல்லாம் உத்தமனா?"

இல்லை. இந்தக் கேள்வி நியாயமானது. ரேஞ்ச்ஃபைண்டரின் பெரிய பெயர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன். 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், திருவண்ணாமலை ஆசிரமத்துக்கு வந்து படம் எடுத்தவர். அவர் சின்ன லைக்காவைத் தேர்ந்தெடுத்ததே ஆட்கள் கவனிக்காமல் எடுக்கத்தான். சத்தமில்லாத சின்ன கேமராவால் கிட்ட நின்றும் திருடலாம். எக்ஸ்100-ன் ஷட்டரும் லென்ஸுக்குள் இருப்பதால் சத்தம் வராது. ஆக லென்ஸ் யாரையும் நல்லவனாக்காது. ஆனால் நாம பழகுகிற கருவி நம்ம பழக்கத்தை மாற்றும். கற்றுக்கொள்கிற வயதில் முதல் பாடம் "நகராதே, ஜூம் பண்ணு" என்பதா, "போய் வணக்கம் சொல்லு" என்பதா? எனக்கு இரண்டாவது.

நம்ம மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார், 2017-ல் வந்த "கக்கூஸ்" ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படம் எடுத்து வருகிறார். அதோடு நிற்காமல் தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் போட்டோகிராபி சொல்லிக்கொடுத்து, கேமராவை அவர்கள் கையிலேயே கொடுத்தார். தூரம் குறைவதன் கடைசிப் படி அதுதான்.

"போனே போதுமே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போதும்தான். கிளப்புக்குத் தனி கேமரா வேணும்னா, போன் செய்யாத ஒன்றை அது செய்யணும். 40 எக்ஸ் ஜூமும் போனில் இல்லாததுதான். ஆனால் வருஷத்தில் சில நாள் குளத்துக்குப் போகிற நாம, மீதி நாளெல்லாம் கம்பெனி, காதர்பேட்டை, அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறை என்று மனிதர்கள் மத்தியில்தான் சுற்றுகிறோம். பெரிய சென்சாரும் எஃப்/2 லென்ஸும் அங்கேதான் வேலைக்கு ஆகும்.

வாங்குவதாக இருந்தால்

எக்ஸ்100-க்குக் குறைகள் நிறைய. ஆட்டோஃபோகஸ் மெதுவானது. 80 செ.மீ.-க்குள் போனால் மேக்ரோ பட்டனை அழுத்தணும். ஒரு சார்ஜுக்கு சுமார் 300 படம்தான். ஆரம்பகால யூனிட்களில் அப்பர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொண்டு படம் வெள்ளையாக வெளிறிப்போகும் கோளாறு பிரபலம். அதனால் வாங்கும் முன் வெயிலில் எஃப்/2, எஃப்/8, எஃப்/16 என்று மாற்றி மாற்றிப் பத்துப் படமாவது எடுத்துப் பார்க்கணும். சமீபத்தில் இதன் வாரிசான எக்ஸ்100வி இணையத்தில் வைரல் ஆனதால் பழைய மாடலின் விலையையும் சிலர் ஏற்றிச் சொல்கிறார்கள். பேரம் பேச ஆளோடு போங்க.

எந்த கேமரா வந்தாலும் கிளப்பில் மூணு விதி வைக்கலாம் என்பது என் கோரிக்கை. ஒன்று, முகம் தெரிகிற படம் என்றால் அவங்க சம்மதம் வேணும். கம்பெனிக்குள் என்றால் நிர்வாக அனுமதியும் சேர்த்து. ஆனால் முதலாளி சரின்னு சொன்னது, மெஷினில் உட்கார்ந்திருக்கிற அக்கா சரின்னு சொன்னதாக ஆகாது. இரண்டு, "வேண்டாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே அவங்க கண் முன்னால் டெலீட். மூணு, எடுத்த படத்தில் ஒரு பிரிண்ட் அவங்க கைக்குப் போய்ச் சேரணும். இன்ஸ்டா லிங்க் இல்லை, பிரிண்ட்.

பறவை கட்சி நண்பர்களே, கோபம் வேண்டாம். அடுத்த வருஷ ஃபண்டில் எஸ்எக்ஸ்740 வாங்குங்க, நஞ்சராயன் குளத்துக்கு நானும் வர்றேன். இந்த வருஷம் ஓட்டுப் போடும்போது மட்டும் ஒன்றை யோசிச்சுப் பாருங்க: நம்ம செமஸ்டர் ஃபீஸில் பாதி இந்த ஊர் மெஷின்களில் இருந்துதான் வருது. அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்க்க நமக்கு ஜூமா வேணும்?