கொலையாளியை முன்கூட்டியே சொல்லிவிடும் வகுப்பு

இங்கிலாந்தில் பதினாறு வயதைக் கடந்து ஏ லெவல் படிப்பில் ஆங்கில இலக்கியத்தைத் தேர்ந்துகொள்ளும் மாணவர், அவருடைய பள்ளி ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் 'பி' பாடத்திட்டத்தைப் பின்பற்றுமானால், இரண்டாம் தாளில் குற்ற எழுத்தைப் படிக்க நேரலாம். 2015 முதல் நடத்தப்பட்டுவரும் பாடத்திட்டம் இது. குற்ற எழுத்து, அரசியல் சமூக எதிர்ப்பு எழுத்து என்னும் இரண்டில் ஒன்றைப் பள்ளி தேர்ந்துகொள்ள வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு, 75 மதிப்பெண். நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். முன்பின் படித்திராத ஒரு பகுதியைக் கொடுத்து அதிலுள்ள குற்ற எழுத்தின் கூறுகளை ஆராயச் சொல்லும் கேள்வியை எல்லோரும் கட்டாயம் எழுதியாக வேண்டும்.

நூற்பட்டியலைப் பார்த்ததும் நாம் முதலில் புன்னகைத்தோம், பிறகுதான் யோசிக்கத் தொடங்கினோம். அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' அதில் இருப்பது இயல்பு. ஆனால் அதனருகில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நிற்கிறது. கோல்ரிட்ஜின் கிழமாலுமி நிற்கிறான். டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்', கிரகாம் கிரீனின் 'பிரைட்டன் ராக்', இயன் மக்யூவனின் 'அடோன்மென்ட்', கேட் அட்கின்சனின் ஒரு நாவல், கிராப், பிரவுனிங், வைல்ட் ஆகியோரின் கவிதைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்திருக்கின்றன. அல்பட்ராஸ் பறவையைக் கொன்றவனும் குற்றவாளிதானே என்று வாரியம் கேட்கிறது போலும்.

இத்தகைய பாடத்திட்டத்திற்கு எழும் முதல் எதிர்ப்பு நமக்கு நன்கு பழகியது: பொழுதுபோக்குக் கதைகளுக்குப் பள்ளியில் என்ன வேலை? இந்த எதிர்ப்பிடம் நாம் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. 1837 முதல் 1839 வரை தொடராக வந்த 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலே திருடரையும் கொலைகாரரையும் அழகுபடுத்துகிறது என்று ஏசப்பட்ட நூல்தான். அவ்வகை நாவல்களைச் சாடுவதற்கென்றே தாக்கரே 'கேதரின்' என்ற கதையை எழுதினார். டிக்கன்ஸ் 1841ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் தம் தரப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. நூறாண்டுகள் கழித்து, 1945இல், எட்மண்ட் வில்சன் 'நியூ யார்க்கர்' இதழில் ரோஜர் அக்ராய்டைக் கொன்றது யாரென்று யாருக்குக் கவலை என்று தலைப்பிலேயே கேட்டார். கேட்டவரின் பெயர் இன்று இலக்கிய மாணவர்களுக்கு மட்டும் தெரிகிறது. அக்ராய்டின் பெயரோ தேர்வுத்தாளில் அச்சாகிறது.

இரண்டாவது எதிர்ப்பு சற்றுக் கூர்மையானது. எல்லாவற்றையும் குற்ற எழுத்து என்று அழைத்தால் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன மிஞ்சும்? இதைக் கேட்பவர்கள் நம் நண்பர்களிலும் உண்டு. நாம் அவர்களிடமிருந்து வேறுபடுகிறோம். துப்பறிபவர் இல்லாத குற்றக் கதைகளை மாணவர் கையில் கொடுத்ததுதான் இந்தப் பட்டியலின் பெரிய நன்மை என்பது நம் எண்ணம்.

ஜார்ஜ் கிராப் 1810இல் வெளியிட்ட 'தி பரோ' என்ற நூலில் வரும் 'பீட்டர் கிரைம்ஸ்' கதையை எடுத்துக்கொள்வோம். கிரைம்ஸ் ஒரு மீனவன். லண்டன் அனாதை விடுதிகளிலிருந்து சிறுவர்களைத் தொழில் பழகுபவர்கள் என்ற பெயரில் அழைத்துவருகிறான். அடிக்கிறான், பட்டினி போடுகிறான். ஒருவன் பின் ஒருவனாக மூன்று சிறுவர்கள் சாகிறார்கள். ஊருக்கு இது தெரியாமல் இல்லை. அழுகுரல் கேட்கிறது, கேட்டவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் முணுமுணுப்பு எழுகிறது, கேள்வி கேட்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள். ஆனால் மூன்றாவது சிறுவனும் போன பிறகுதான் இனி உனக்குப் பையன் கிடையாது என்று தடை வருகிறது. இந்தக் கதையில் மர்மம் எதுவும் இல்லை. யார் செய்தது என்பது முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஏன் எதுவும் நடக்கவில்லை என்பதே அது நம் முன் வைக்கும் வினா. போய்ரோ போன்ற ஒருவர் வந்து வரவேற்பறையில் எல்லோரையும் உட்காரவைத்துத் தீர்த்துவைக்கக்கூடிய வினா அல்ல அது. (1945இல் பெஞ்சமின் பிரிட்டன் இதை இசைநாடகமாக்கியபோது கிரைம்ஸ் ஊராரால் வேட்டையாடப்படும் மனிதனாகவும் தோற்றம் கொண்டான். ஒரே கதையில் பழி எப்படி இடம் மாறுகிறது என்பதைக் காட்ட ஆசிரியருக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.)

பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' இன்னும் நுட்பமானது. 1842இல் வெளியான இந்தக் கவிதையில் ஒரு பிரபு, தன் இறந்த மனைவியின் ஓவியத்தை விருந்தினருக்குத் திரைவிலக்கிக் காட்டுகிறான். விருந்தினர் அடுத்த திருமணத்துக்குப் பேச்சு நடத்த வந்திருப்பவர். என்ன நடந்தது என்பதை அரைவரிக்குள் சொல்லிக் கடந்து அடுத்த கலைப்பொருளுக்குப் போய்விடுகிறான். இங்கே துப்பறிபவர் யார்? வாசிக்கும் மாணவரைத் தவிர வேறு யாருமில்லை. பேசுபவன் சொல்வதற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தானே அளந்து பார்க்கப் பதினேழு வயதில் ஒருவர் கற்றுக்கொண்டால், அந்தப் பழக்கம் செய்தித்தாளிலும் தேர்தல் மேடையிலும் அவருக்குக் கைகொடுக்கும்.

இனி அக்ராய்டின் வகுப்பறைக்கு வருவோம். அங்கே வேறு எந்த நூலுக்கும் இல்லாத ஒரு சங்கடம் காத்திருக்கிறது.

1926இல் வெளிவந்த அந்த நாவலின் வலிமை முழுவதும் அதன் கடைசி அத்தியாயங்களில் இருக்கிறது. ஆசிரியரோ முதல் வாரத்திலேயே முடிவைத் தொட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இல்லையேல் முதல் அத்தியாயத்தின் சொற்களைப் பற்றி உருப்படியாக எதையும் சொல்ல முடியாது. துணைநூல்களும் இணையக் குறிப்புகளும் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் போட்டுவிடுகின்றன. இதே கிறிஸ்டி எழுதிய 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952 நவம்பரில் லண்டனில் அரங்கேறியது. இரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது அந்த நாடகத்தின் மரபு. தலைப்பு 'ஹாம்லெட்' நாடகத்திலிருந்து வந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. அரங்கு காப்பாற்றும் இரகசியத்தைப் பள்ளி காப்பாற்றுவதில்லை.

நம் தரப்பு இது: முதல் வாசிப்பை மாணவரிடமிருந்து பறிக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை. விடுமுறையில் தனியே படித்து ஏமாந்து வரட்டும். ஏமாந்தவருக்குத்தான் இரண்டாம் வாசிப்பின் மதிப்பு புரியும். அந்த நாவலில் சில நிமிடங்களுக்குக் கணக்கு இல்லாத ஓர் இடம் உண்டு. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அது ஒளிந்திருக்கிறது. (கொலையாளி யாரென்று இங்கே எழுத மாட்டோம், நாம் பிறருக்குச் சொல்லும் அறிவுரையை நாமே மீறுவது அழகல்ல.) முதல் முறை அந்த இடத்தை எந்தத் தடையும் உணராமல் கடந்தவர், இரண்டாம் முறை அங்கே திடுக்கிட்டு நிற்பார். பொய்யே சொல்லாமல் ஏமாற்ற முடியும் என்பதை எந்த விரிவுரையும் அவருக்கு இவ்வளவு அழுத்தமாகக் கற்றுத்தராது. முடிவை முன்பே அறிந்தவருக்கு அந்த இடம் அடிக்கோடிட வேண்டிய ஒரு வரி, அவ்வளவுதான்.

அதோடு நிற்கவும் தேவையில்லை. பிரெஞ்சுப் பேராசிரியரும் உளப்பகுப்பாய்வாளருமான பியேர் பயார் 1998இல் ஒரு முழுநூலே எழுதி, போய்ரோ தவறான ஆளைக் குற்றவாளியாக்கிவிட்டார் என்று வாதாடினார். அவர் வாதம் நமக்கு முழுதாக ஏற்புடையதன்று. ஆயினும் துப்பறிபவரின் தீர்ப்பையே மேல்முறையீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணம் ஒரு வகுப்பறையில் எத்தகைய சச்சரவைக் கிளப்பும் என்று நினைத்தாலே மகிழ்ச்சியாக இருக்கிறது.

நம் உண்மையான குறை நூல்களின்மேல் இல்லை. 'கூறுகள்' என்ற அந்தச் சொல்லின்மேல் இருக்கிறது. குற்றத்தின் தன்மை, குற்றவாளி, புலனாய்வாளர், நீதி கிடைக்கும் விதம், ஒழுங்கு மீள்வது, குற்றவுணர்வு, தண்டனை, பலியானவர் என்று பாடத்திட்டம் ஒரு வரிசையைத் தருகிறது. சிந்தனைக்குத் தொடக்கமாக அதைத் தந்தவர்களின் நோக்கத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வு என்னும் இயந்திரத்தில் அகப்பட்டதும் அது கடைக்குக் கொண்டுபோகும் சாமான் பட்டியல் ஆகிவிடுகிறது. மாணவர் பத்தியைப் படிக்கிறார், புலனாய்வாளர் உண்டா என்று பார்க்கிறார், இருந்தால் ஒரு குறி. இல்லையென்றால் 'இங்கு மரபு மீறப்படுகிறது' என்று எழுதுகிறார், அதற்கும் ஒரு குறி. எது இருந்தாலும் மதிப்பெண், எது இல்லாவிட்டாலும் மதிப்பெண். பதினேழு வயது பிங்கியைப் பற்றி, கிட்டத்தட்ட அதே வயதுள்ள ஒருவர் எழுத வேண்டியது இதுதானா? பிங்கியைக் கண்டு அவருக்கு அச்சம் வந்ததா, இரக்கம் வந்ததா, விடாமல் துரத்தும் ஐடாவின் நியாயம் அவருக்கு எரிச்சலூட்டியதா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அந்த வரிசையில் 'பலியானவர்' என்பதும் ஒரு கூறுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஆஸ்கர் வைல்டின் ரெடிங் சிறைக் கவிதை நினைவுக்கு வருகிறது. சார்லஸ் தாமஸ் வூல்ட்ரிட்ஜ் என்ற குதிரைப்படை வீரன் மனைவியைக் கொன்றதற்காக 1896 ஜூலை 7 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டான். அப்போது வைல்டும் அதே சிறையில் கைதி. 1898இல் வெளியான கவிதையின் காணிக்கையில் அவனுடைய பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. தூக்குத் தண்டனைக்கு எதிராக எழுதப்பட்டவற்றுள் அதற்கு இணையானவை மிகச் சிலவே. ஆனால் கொல்லப்பட்ட பெண்ணின் பெயர் லாரா எலன் என்பது கவிதையில் எங்குமே இல்லை. வைல்டைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் அருகிலிருந்து கண்டது அந்தச் சாவைத்தான். ஆனால் குற்ற எழுத்து என்ற தலைப்பில் அக்கவிதையைப் படிக்கும் வகுப்பு, அந்தப் பெயர் விடுபட்டதைக் கவனிக்காமல் போனால், கிராப்பின் ஊராரைப் போல அதுவும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவதாகும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. அது நமக்கு மிக அருகில் வரும் ஒன்று. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கில விரிவுப் பாடத்தில் குற்றப் புனைவு ஒரு பிரிவாக இருந்தது. அதில் பி. டி. ஜேம்ஸின் நாவல், டாம் ஸ்டாப்பார்டின் கேலி நாடகம் ஆகியவற்றோடு மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' நாவலும் பாடநூலாக வைக்கப்பட்டது. கொழும்பில் பிறந்தவர் ஒண்டாச்சி. 2000இல் வந்த இந்நாவலில் அனில் என்ற தடயவியல் மானிடவியலாளர் ஐ.நா.வின் மனித உரிமை விசாரணைக்காக இலங்கை வருகிறார். அரசின் கட்டுப்பாட்டிலுள்ள ஒரு தொல்லியல் பகுதியில் கிடைத்த எலும்புக்கூடு மிக அண்மைக் காலத்தது என்று கண்டுபிடிக்கிறார். துப்பறியும் கதையின் அத்தனை கருவிகளும் இருக்கின்றன: உடல், தடயம், ஆய்வுக்கூடம், அடையாளம் காணல். ஆனால் சந்தேகத்துக்குரியது அரசு என்றால் தீர்வை யாரிடம் ஒப்படைப்பது? துப்பறியும் கதையில் குற்றத்தின் கதை, புலனாய்வின் கதை என இரண்டு உண்டு என்று 1966இல் தொடோரொவ் எழுதினார். இங்கே இரண்டாவது கதை முதலாவதை எட்டிப் பிடித்தும் எதுவும் மீள்வதில்லை. உண்மைக்காக ஒருவர் கொடுக்கும் விலைதான் மிஞ்சுகிறது. (முதன்மைப் பாத்திரங்களில் தமிழர் எவரும் இல்லை என்ற குறை நமக்கு உண்டு. அது தனியே எழுதப்பட வேண்டியது.)

சிட்னியில் ஈழத்திலிருந்து சென்ற குடும்பங்கள் பல. காணாமல் போனவரின் நிழற்படம் மாட்டிய வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, 'ஒண்டாச்சி ஒழுங்கு மீளும் மரபைத் தகர்க்கிறார்' என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெறக்கூடும். அந்த விடை தவறல்ல. ஆனால் ஒழுங்கு மீளும் என்ற எதிர்பார்ப்பே யாருடைய எதிர்பார்ப்பு, எந்த நாட்டுக் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் நம்பி வளர்ந்தவர்களுடையது என்று அவளால் கேட்க முடியும். அவள் கேட்டால் வகுப்பில் மற்றவர்களும் யோசிப்பார்கள். கூறுகளின் வரிசையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை. ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். நூற்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள். பொதுவாகக் கிறிஸ்டியிலிருந்து தொடங்குகிறார்கள், அதுவே இலக்கணம் என்றும் மற்றவை விலகல் என்றும் ஆகிவிடுகிறது. 'அடோன்மென்ட்' நாவலிலிருந்து தொடங்கினால் என்ன? அதில் பதின்மூன்று வயது பிரயோனி, கதை எழுதும் ஆசையுள்ள சிறுமி, இருட்டில் சரியாகப் பார்க்காத ஒன்றைத் தன் மனத்திலிருந்த கதைக்குப் பொருத்திச் சாட்சி சொல்கிறாள். ஓர் இளைஞன் சிறைக்குப் போகிறான். அவள் வேண்டுமென்றே பொய் சொன்னாளா? கதை எப்படி முடியவேண்டும் என்று முன்பே முடிவுசெய்துவிட்டவள் அவள். அதைப் பேசி முடித்துவிட்டு, மறுநாள் அக்ராய்டைக் கையில் கொடுத்து, விடுமுறையில் படித்துவரச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். கொலையாளி யாரென்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.