குட்டி கேமராவிலிருந்து டிஎஸ்எல்ஆருக்குத் தாவலாமா?

வாங்கலாமா வேணாமான்னு ஆறு மாசமா மண்டையைக் குடைஞ்ச விஷயம். சட்டைப்பையில் அடங்குற குட்டி கேமராவை விட்டு டிஎஸ்எல்ஆருக்குப் போகணுமா? ஒருவழியா முடிவு பண்ணியாச்சு. அதே யோசனையில இருக்கிற மக்களுக்கு உதவட்டும்.

எல்லாரையும் போல நானும் முதல்ல, அடுத்தவங்க எடுத்த நல்ல படங்களைப் பார்த்துத்தான் ஏங்கினேன். அது உதவாது மக்களே. நாம சொதப்பின படங்களைப் பார்க்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொண்ணும் யார் தப்புன்னு பிரிச்சேன்.

காவிரிப் பாலத்திலேர்ந்து மலைக்கோட்டை: கோணல். என் தப்பு. 236 அடி ராஜகோபுரம், காலடியில நின்னு அண்ணாந்து எடுத்ததுல பின்னாடி சாயுது. தள்ளிப் போயிருக்கணும், என் தப்பு. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள், உச்சி வெயில்ல பாதி கருப்பு. அதுவும் என் தப்புதான். இதுக்கெல்லாம் லட்ச ரூபா கேமரா வாங்கினாலும் இதே கதிதான்.

ஆனா ஒரு படம். சித்திரை வீதியில ராத்திரி கருட வாகனப் புறப்பாடு. பொத்தானை அமுக்கி, அது ஃபோகஸ் தேடி முடிக்கறதுக்குள்ள பெருமாள் நாலடி நகர்ந்துட்டார். கிடைச்சது தங்கமா ஒரு தீற்றல். முட்டிவலியில வீட்டோட இருக்கிற அம்மாவுக்காக எடுத்தது. "பெருமாள் தெரியறாருடா"ன்னு கையைக் கூப்பினாங்க. எனக்குத்தான் தெரியலை.

இது கேமராவோட எல்லை. குட்டி கேமராக்களில் பரவலா இருக்கிற 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6க்கு 4.5 மி.மீ.தான். டிஎஸ்எல்ஆரின் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23க்கு 15. பரப்பளவு கிட்டத்தட்ட 12 மடங்கு. ஆனா அதோட வர்ற 18-55 லென்ஸை முழுசா ஜூம் பண்ணினா எஃப்/5.6தான். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட சுமார் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். பாடிக்குக் கொட்டிக் கொடுத்துட்டு லென்ஸுக்குக் கஞ்சத்தனம் பண்ணினா, ராத்திரியில பாதிப் பலன்தான்.

"டிஎஸ்எல்ஆர் காலமே முடிஞ்சுபோச்சே"ம்பாங்க. உண்மைதான். கேனானின் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கானின் டி6 ரெண்டும் வந்தது 2020ல. அப்புறம் ரெண்டு கம்பெனியும் மிரர்லெஸ் பக்கம் சாஞ்சாச்சு. நல்லதாப் போச்சு! நிறைய பேர் பழசை விக்கிறாங்க. நிக்கான் டி40, டி3000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதுக்கு ஏஎஃப்-எஸ் லென்ஸா பார்த்து வாங்குங்க.

ஆக என் முடிவு: பழைய பாடி, 50 மி.மீ. லென்ஸ், அவ்வளவுதான். உங்க சொதப்பல் எல்லாம் உங்களோடதுன்னா, காசை மிச்சம் பண்ணுங்க.

"அப்ப அந்தக் குட்டி கேமரா?"ன்னாங்க தங்கமணி. மலைக்கோட்டைப் படியேற அதுதான். பெரிய பொட்டியைத் தூக்கிக்கிட்டு உச்சிப் பிள்ளையார் வரைக்கும் யாரு ஏறுறது?

அடுத்த சித்திரையில கருடன் வரட்டும். அம்மாவுக்குப் பாக்கி இருக்கு.