இன்ஜினை மாற்றும் பேரனைத் திட்டுவதற்கு முன்

சின்னக் காரில் பெரிய இன்ஜினை ஏற்றுகிற பையன்களைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒரே அபிப்பிராயம்தான்: "வேலையத்த வேலை." என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பையன்கள் செய்வது நல்ல கைத்தொழில். ஆனால் முக்கால்வாசி பேர் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதியைச் செய்து முடிக்க நினைப்பவனுக்கும் அரசாங்கம் ஒரு கவுண்டர் திறந்து வைக்கவில்லை. இந்த இரண்டைப் பற்றியும் எழுதத்தான் இந்தப் பதிவு.

இப்போது எங்கள் ராயபுரத்துப் பக்கம் அதிகம் நடப்பது பழைய மாருதி ஜென்னில் எஸ்டீம் இன்ஜினை வைப்பது. ஜென் 1993-இல் வந்த கார். அதன் இன்ஜின் 993 சி.சி., நாலு சிலிண்டர், சுமார் 50 குதிரைசக்தி. அடுத்த வருஷம் வந்த எஸ்டீமுக்கு 1298 சி.சி. இன்ஜின். முதலில் 65 குதிரைசக்தி, பிறகு வந்த பதினாறு வால்வு மாடலில் 85. இரண்டும் சுசுகியின் ஒரே குடும்பத்து இன்ஜின்கள், அண்ணன் தம்பி மாதிரி. அதனால் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் தம்பியின் இடத்தில் அண்ணன் உட்கார்ந்துவிடுவார். புதுப்பேட்டையில் தேடினால் இன்ஜின் கிடைக்கும். தூக்குவதற்குச் செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகள் நாலைந்து போதும்.

நம் பக்கத்துக்கு இது புதிய பைத்தியம் ஒன்றுமில்லை. 1948-இல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1955-இல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் உருவானது என்ஃபீல்டு இந்தியா. அதன் தொழிற்சாலை திருவொற்றியூர். இந்த இரண்டு சங்கு ஊதும் சத்தத்தில் வளர்ந்த தெருக்களில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத வீடு குறைவு. லாரிக்கென்று செய்த லேலண்ட் இன்ஜின் காசிமேட்டு விசைப்படகில் ஓடுவதை நாம் பார்த்து வளர்ந்தோம். அதுவும் இன்ஜின் மாற்றம்தானே?

பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாசிடரிலும் பியட்டிலும் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். டாக்ஸிக்காரர்களுக்கு அது வயிற்றுப்பிழைப்பு. புல்லட்டிலும் டீசல் இன்ஜின் வந்தது. பிறகு கம்பெனியே 'டாரஸ்' என்று 325 சி.சி. டீசல் புல்லட்டை விற்றது. அதன் சக்தி ஆறரை குதிரை, பெட்ரோல் புல்லட்டில் பாதிகூட இல்லை. ஆனாலும் மைலேஜுக்காக வாங்கினார்கள். அந்த நாளில் சிக்கனத்துக்காக இன்ஜினை மாற்றினோம், இந்தப் பிள்ளைகள் வேகத்துக்காக மாற்றுகிறார்கள். கை வேலை என்னவோ ஒன்றுதான்.

வேகமும் நமக்கு அந்நியமில்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்க வட சென்னையிலிருந்து சைக்கிளில் போனவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். அங்கே ஓடியவற்றில் பல நம் தெருவில் ஓடிய அதே பியட், அதே ஹெரால்டு. இன்ஜினை மட்டும் பிரித்து மேய்ந்திருப்பார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை சீட் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகு நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அந்த 'ஃபார்முலா மாருதி' காரில்தான் ஆரம்பித்தார்கள். சின்ன இன்ஜினைச் சீண்டிப் பார்க்கிற கை இல்லாமல் இதெல்லாம் வந்திருக்காது.

பெருமை பேசியாயிற்று. இனி குறை.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ஐ.டி.ஐ. படித்தவன், எண்ணூர் பக்கம் வேலை. அவன் ஜென்னில் எஸ்டீம் இன்ஜினை ஏற்றி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். வேலை சுத்தம். ஒயரிங்கைக் கூடத் துணி டேப் சுற்றி அழகாகக் கட்டியிருந்தான். பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்பும் பம்ப், சென்சார்கள், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் எஸ்டீமிலிருந்தே எடுத்து வைத்ததாகச் சொன்னான். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைக் காட்டி, "பாருங்க தாத்தா, வெளிர் காபி கலர். கலவை சரியா எரியுது" என்றான். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடாகிவிடும் என்று பாடமும் எடுத்தான்.

"பிரேக்குடா?" என்று கேட்டேன்.

"அது பழசுதான் தாத்தா. நல்லாத்தான் பிடிக்குது."

நான் சொன்ன பாதி வேலை இதுதான். ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தோடு நேர் கணக்கில் ஏறாது; வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60 கிலோமீட்டரில் போவதை நிறுத்துவதைவிட 90-இல் போவதை நிறுத்த இரண்டே கால் மடங்கு சக்தியைப் பிரேக் விழுங்க வேண்டும். 50 குதிரைக்காகச் செய்த டிஸ்க்கும் பேடும் 85 குதிரைக்கு ஒரு தரம் பிடிக்கும், இரண்டு தரம் பிடிக்கும். மூன்றாம் தரம் சூடேறி வழுக்கும். ரேடியேட்டருக்கும் இதே கதை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் மே மாதத்து மத்தியானம் மாட்டிக்கொண்டால் சின்ன ரேடியேட்டர் கொதித்துவிடும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு: உப்புக்காற்று. இந்தச் சின்னக் கார்களில் லாரிபோலத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடம்பேதான் சட்டம். முன் சஸ்பென்ஷன் வந்து உட்காரும் தகடும், இன்ஜினைத் தாங்கும் இடமும் இருபது வருஷக் கடல் காற்றில் உள்ளுக்குள் அரித்திருக்கும். மேலே புது பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட தகட்டில் கூடுதல் சக்தியுள்ள இன்ஜினை மாட்டுவது கிழவன் தோளில் குதிரை வண்டியின் நுகத்தடியை வைப்பது போல. முதலில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்து, வெல்டிங் வேண்டிய இடத்தில் வெல்டிங் வைத்து, பிரேக்கையும் ரேடியேட்டரையும் மாற்றி, கடைசியில்தான் இன்ஜின். நம் பையன்கள் தலைகீழாகப் போகிறார்கள்.

அடுத்து காகிதம். நாற்பது வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆர்.சி.யில் இரண்டு நம்பர்கள் உண்டு: சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். இன்ஜினை மாற்றிய அன்றே அந்த வண்டி காகிதத்தில் வேறு, ரோட்டில் வேறு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் இந்த இரண்டையும் ஒப்பிடுவார். ஒத்துப்போகவில்லை என்றால் க்ளெயிமைத் தள்ள அதுவே போதும். புதுப்பேட்டையில் பில் இல்லாமல் வாங்கிய இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் இன்னும் மோசம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது பையனாகத்தான் இருப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் அதே 52-ஆம் பிரிவை முழுதாகப் படித்தால் இரண்டு கதவுகள் திறந்திருப்பது தெரியும். ஒன்று, எரிபொருள் மாற்றம். கேஸ், பேட்டரி போன்றவற்றுக்கு மாறுவதென்றால் அங்கீகாரம் பெற்ற கிட்டை நிபந்தனைகளோடு பொருத்தலாம். இரண்டாவது, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவருக்கு, அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் தரலாம். மாற்றிய பிறகு 14 நாளுக்குள் தெரிவித்தால் சரி. பத்து லாரி வைத்திருப்பவரை நம்புகிற சட்டம், ஒரு ஜென் வைத்திருப்பவனை நம்பவில்லை. கேஸ் கிட்டைப் பரிசோதிக்க வழி வைத்த சட்டம், பெரிய இன்ஜினைப் பரிசோதிக்க வழி வைக்கவில்லை.

மற்ற ஊர்களில் எப்படி? நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் ஆர்.சி. புத்தகத்துக்கு 'கார்த் கிரீஸ்' என்று பெயர், சாம்பல் அட்டை. அந்த நாட்டில் இந்த விஷயத்தில் தாராளம் கிடையாது. ஆனாலும் ஒரு வாசல் உண்டு: தனி ஒரு வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டி ஒப்புதல் வாங்கும் முறை. தேறினால் அட்டையில் ஏறும். இங்கிலாந்தில் இன்னும் சுலபம். இன்ஜின் மாறியதைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, புது இன்ஜினின் ரசீதையோ மெக்கானிக் கொடுத்த கடிதத்தையோ வைத்து அனுப்பினால் பதிவு திருத்தப்படும்.

இதையேதான் நான் இங்கே கேட்கிறேன். மாதத்தில் ஒரு நாள், ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு கவுண்டர். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்ற ரசீது, பிரேக் சோதனை, தகட்டின் நிலை, புகைச் சான்று, பெட்ரோல் குழாய், ஒயரிங். ஐந்தாறு விஷயத்தைப் பார்த்து, தேறினால் ஆர்.சி.யில் எழுதிக் கொடுங்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். கட்டணமும் வாங்குங்கள். 2022 ஏப்ரலிலிருந்து 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 5,000 ஆக்கியபோது ஜனங்கள் கட்டத்தானே செய்தார்கள்? இதற்கும் கட்டுவார்கள்.

"கதவைத் திறந்தால் எல்லாரும் நுழைவார்களே" என்று சிலர் சொல்வார்கள். கதவு மூடியிருக்கும்போதே நுழைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என்ன, பின்வாசல் வழியாக நுழைகிறார்கள், யாரும் பிரேக்கைப் பார்ப்பதில்லை. ஆம்னி வேனில் சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டிய காலத்தை மறந்துவிட்டோமா? எத்தனை வண்டிகள் தீப்பிடித்தன! அங்கீகாரக் கிட்டுக்கு வழி வந்த பிறகுதான், ஒழுங்காகச் செய்ய நினைத்தவனுக்கு ஒழுங்கான வழி கிடைத்தது.

அந்தக் கவுண்டர் வரும்வரை என்ன செய்வது? பேரனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இன்ஜின் மாற்ற உங்களிடம் பணம் கேட்டு வந்தால் எடுத்த எடுப்பில் திட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இன்ஜினுக்குப் பில் இருக்கிறதா? பிரேக்கை மாற்றிவிட்டாயா? ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் அனுமதி கேட்டாயா? அதே வகை இன்ஜின் என்றால் முறையாக விண்ணப்பித்துப் பதிவில் ஏற்ற வழியிருக்கிறது. பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், அந்த வண்டி ரோட்டுக்கு இல்லை, இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கேயும் டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் தெருப் பையன் இப்போது எஸ்டீமின் முன் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறான். அது மாட்டும்வரை வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும் என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாவி இப்போது அந்த அம்மாவின் முந்தானையில்.